லாஸ்கோ காளையும் ஆறு புள்ளிகளும்

ஒரு காட்டு மாட்டின் ஓவியம். அதன் தோளுக்கு மேலே ஆறு கருப்புப் புள்ளிகள். இந்த ஆறு புள்ளியை வைத்துத்தான் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இடம், பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் லாஸ்கோ குகை. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தது. ஓவியங்களுக்கு வயது சுமார் 17,000 ஆண்டுகள் என்பது பரவலான கணக்கு. உள்ளே 'காளைகளின் கூடம்' என்று ஒரு பகுதி. அங்கே 5 மீட்டருக்கும் மேல் நீளமான காளை எல்லாம் உண்டு. நம்ம ஆறு புள்ளிக் காளையும் அங்கேதான்.

இப்போ வானத்துக்கு வருவோம். தை மாத முன்னிரவில் அண்ணாந்து பார்த்தால் ரிஷப ராசி தெரியும். சிவப்பாக மின்னுவது ரோகிணி, அதாவது காளையின் கண். அதைச் சுற்றி முகம் மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம். தோளுக்கு மேலே கார்த்திகை. கிரேக்கர்கள் அதை ஏழு சகோதரிகள் என்றாலும், வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். தமிழில் அதற்கு 'அறுமீன்' என்றே பெயர் உண்டு. லாஸ்கோ காளையின் கண்ணைச் சுற்றியும் புள்ளிகள் இருக்கின்றன. ஸ்பெயினின் லூஸ் அன்டெகேரா கோங்ரெகாடோ, ஜெர்மனியின் மிக்கேல் ராப்பன்குளுக் போன்றவர்கள் 1990களில் இதைத்தான் சொன்னார்கள்: இது வெறும் மாடு இல்லை, வானம்.

17,000 வருஷத்தில் நட்சத்திரங்கள் இடம் மாறியிருக்காதா என்று கேட்கலாம். கார்த்திகையின் வடிவம் பெரிதாக மாறவில்லை. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுற்று சுற்றுவதால், அது எந்தப் பருவத்தில் தெரியும் என்பதுதான் மாறும். ஆக, அந்த வகையில் தடை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லாஸ்கோ சுவர்களில் புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. எதை நட்சத்திரமாக எண்ணுவது, எதை விடுவது என்ற சுதந்திரம் நம் கையில் இருந்தால், ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். அதே குகையின் ஆழத்தில் பறவைத்தலை மனிதன், குடல் சரிந்த காட்டெருமை, குச்சிமேல் ஒரு பறவை என்று ஒரு காட்சி உண்டு. ராப்பன்குளுக் அதில் கோடைக்கால வானத்தின் மூன்று பிரகாசமான நட்சத்திரங்களைப் பார்த்தார். 2018இல் ஸ்வெட்மன், கூம்ப்ஸ் இருவரும் அதில் ஒரு வால்நட்சத்திர மோதலைப் பார்த்தார்கள். ஒரே படம், இரண்டு வானம்! 2023இல் வந்த இன்னொரு கட்டுரை, ஐரோப்பிய பனிக்கால ஓவியங்களில் விலங்குகளோடு வரும் புள்ளிகளும் கோடுகளும் நட்சத்திரமே இல்லை, மாதக் கணக்கு என்றது. அதையும் பலர் ஏற்கவில்லை.

இன்னொரு இடைவெளியும் உண்டு. அந்த நட்சத்திரங்களைக் காளையாகக் கண்டதற்கு எழுத்துச் சான்று மெசபடோமியாவில்தான் கிடைக்கிறது. லாஸ்கோவுக்கும் அதற்கும் நடுவே பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல். பாலம் எதுவும் இல்லை.

அதற்காக இவை அர்த்தமில்லாத கிறுக்கல் என்றும் சொல்லிவிட முடியாது. குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பகுதி பனிமானுடையது. சுவரிலோ ஒரே ஒரு பனிமான்தான். குதிரைதான் நிறைய. தின்றதை வரையவில்லை, எதையோ யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

என் கணக்கில், ஆறு புள்ளிதான் இந்தக் கட்சியின் ஆகச் சிறந்த வாதம். ஆனால் ஒற்றைச் சாட்சி. வேறொரு குகையில், வேறொரு காளையின் தோளில், அதே இடத்தில் அதே ஆறு புள்ளி கிடைத்தால் பேச்சே வேறு. அதுவரை ஊகம்தான். அவர்கள் தினமும் வானத்தைப் பார்த்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை, விளக்கில்லாத இரவில் வேறு என்ன இருக்கிறது பார்க்க? பார்த்ததை இந்தச் சுவரில்தான் எழுதி வைத்தார்களா என்பதுதான் கேள்வி. 1963இலிருந்து குகை பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. படங்கள் இணையத்தில் உண்டு, கார்த்திகை மொட்டைமாடியில் உண்டு. பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்க.