யாருக்கோ எழுதிய ஷரத்து: 50ஆவது பிரிவு பிறந்த கதை

1957 மார்ச் 25 அன்று ரோம் நகரின் கேப்பிடோலின் குன்றில் ஆறு ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்களே, பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்த அமைப்பைத் தொடங்கிவைத்த அந்த ஒப்பந்தக் கட்டில் பெரும்பாலும் வெற்றுத்தாள்தான் இருந்ததாம். அச்சு வேலை முடியவில்லை. மேலே ஒரு பக்கம், அடியில் கையெழுத்துப் பக்கம், நடுவில் வெள்ளைக் காகிதம். அன்று உடனிருந்த அதிகாரிகள் பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது.

முழுதாக அச்சாகியிருந்தாலும் ஒன்று மட்டும் அதில் இருந்திருக்காது. சேர்ந்த நாடு விலக நினைத்தால் என்ன செய்வது என்பதுதான் அது. இந்த ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு கிடையாது என்றது 240ஆவது பிரிவு. அதோடு சரி. இதே ஆறு நாடுகள் 1951இல் போட்ட நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்துக்காவது 50 ஆண்டு ஆயுள் என்று எழுதியிருந்தார்கள். ரோம் ஒப்பந்தம் அந்த அளவுகூட இறங்கி வரவில்லை.

அதனால் விலகுவது பற்றிய பேச்சே எழவில்லை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 1973 ஜனவரி 1இல் உள்ளே வந்தது. இரண்டே ஆண்டில், 1975இல், 'இருக்கலாமா, போகலாமா' என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். 1983 தேர்தலில் தொழிற்கட்சி, ஆட்சிக்கு வந்தால் விலகுவோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே போட்டது. வழி எழுதப்படவில்லையே, எப்படிப் போவீர்கள் என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. போக வேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவான எண்ணம்.

அப்படிப் பேசித் தீர்த்துக்கொண்டு போன ஓர் இடமும் உண்டு. அது கிரீன்லாந்து. டென்மார்க்கின் பகுதி என்பதால் 1973இல் அதுவும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்பட்டது. அங்கிருந்த மக்களில் பெரும்பான்மையோர் அதற்கு முந்தைய வாக்கெடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். 1979இல் தன்னாட்சி கிடைத்தது. 1982இல் தனி வாக்கெடுப்பு நடத்தி, ஏறத்தாழ 53 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். சுமார் 50,000 பேர் வாழும் தீவு அது. பெரிய வழக்கு என்று பார்த்தால் மீன் ஒன்றுதான். அதற்கே எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தைத் திருத்தி, மீன்பிடி உரிமைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு பணம் என்று பேரம் பேசி முடிப்பதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிட்டது. 1985 பிப்ரவரி 1இல் கிரீன்லாந்து வெளியே வந்தது. மீன் ஒன்றுக்கே மூன்று ஆண்டு என்றால் மற்றதற்கெல்லாம் எத்தனை ஆண்டு என்று அப்போதே யாராவது கணக்குப் போட்டிருக்கலாம். போட்டதாகத் தெரியவில்லை.

உரிமையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாமல் விட்ட இன்னோர் ஒன்றியமும் அந்தக் காலத்தில் இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் 1977 அரசியல் சட்டத்தில் 72ஆவது பிரிவு ஒவ்வொரு குடியரசுக்கும் தாராளமாகப் பிரிந்து செல்லும் உரிமை உண்டு என்றது. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சலில் எழுதிய வரி. 1990 மார்ச்சில் லித்துவேனியா கேட்டது. அதற்கு அடுத்த மாதம்தான் மாஸ்கோ அவசரமாக ஒரு சட்டம் போட்டது: வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதன் பிறகும் ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்று. லித்துவேனியா அதைக் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு முடிவதற்குள் ஒன்றியமே இல்லாமல் போயிற்று.

இனி நம் கதை. 2002 பிப்ரவரி 28 அன்று பிரஸ்ஸல்ஸில் ஒரு பெரிய மாநாடு கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதுவது அதன் வேலை. தலைவர் பிரான்ஸின் முன்னாள் அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேங். துணைத்தலைவர்களில் ஒருவர் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஜூலியானோ அமாத்தோ. எழுத்து வேலை எல்லாம் போய்ச் சேர்ந்த மேசை, தலைமைச் செயலாளர் ஜான் கெருடையது. ஸ்காட்லாந்துக்காரர், பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் பிரிட்டனின் தூதராக இருந்தவர். 1991இல் மாஸ்ட்ரிக்ட் பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் உள்ளே இருக்கக் கூடாது என்ற நேரத்தில், மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு பிரதமர் ஜான் மேஜருக்கு யோசனை சொன்னார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நம்பலாமா என்பதைவிட, இப்படி ஒரு கதை யாரைப் பற்றிக் கிளம்பும் என்று யோசித்தாலே ஆள் பிடிபட்டுவிடும்.

2002 அக்டோபரில் ஜிஸ்கார் வெளியிட்ட எலும்புக்கூடு வரைவிலேயே, தானாக விரும்பி விலகும் நாட்டுக்கு ஒரு வழிமுறை வைக்கலாம் என்ற குறிப்பு வந்துவிட்டது. முழு வாசகம் 2003 வசந்தத்தில் வந்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது. இப்படி ஒரு பிரிவு இருந்தால் எதற்கெடுத்தாலும் 'போய்விடுவேன்' என்று மிரட்டுவார்கள் என்றார்கள் சிலர். ஒப்பந்தம் திருத்தப்படும்போது அதை ஏற்க முடியாத நாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம் என்றார்கள் வேறு சிலர். பிரிவு தப்பிப் பிழைத்தது.

யாரை மனதில் வைத்து எழுதினார்கள்? கெர் பின்னாளில் சொன்ன விளக்கம் இது. 2000இல் ஆஸ்திரியாவில் யோர்க் ஹைடரின் தீவிர வலதுசாரிக் கட்சி ஆட்சியில் பங்கு பெற்றது; மற்ற 14 நாடுகளும் ஆஸ்திரியாவை ஒதுக்கி வைத்தன. அந்தச் சூடு ஆறாத நேரம். நாளை ஏதாவது ஓர் உறுப்பு நாட்டில் சர்வாதிகாரி ஒருவர் ஆட்சியைப் பிடித்து, ஒன்றியம் அந்த நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைத்தால், அவர் கோபத்தில் 'நான் போகிறேன்' என்பார். அப்போது போவதற்கு ஓர் ஒழுங்கான வழி இருக்கட்டுமே என்று எழுதினாராம். கூடவே, ஒன்றியம் ஒரு சிறைச்சாலை, உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று பிரிட்டனில் சிலர் சொல்லிக்கொண்டிருந்த குற்றச்சாட்டுக்கும் பதிலாக இருக்கும். தன் நாடே அதை எடுத்துப் பயன்படுத்தும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் அமாத்தோவைக் கேட்டால், 'எழுதியது நான்' என்பார். 2016இல் ரோமில் அப்படித்தான் சொன்னார். பிரிட்டிஷ்காரர்கள் வழியில்லை என்று புலம்பக் கூடாது என்பதற்காகவே வைத்தோம், தீயணைப்புக் கருவி மாதிரி, இருக்க வேண்டும், ஆனால் எடுக்கும்படி ஆகக் கூடாது என்று விளக்கமும் கொடுத்தார். குழந்தைக்கு இரண்டு தகப்பன். இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டன் இதைப் பயன்படுத்தும் என்று நினைத்து இருவரில் யாரும் எழுதவில்லை.

அந்த மாநாட்டுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சார்பில் வந்து, தலைமைக் குழுவிலும் உட்கார்ந்திருந்தவர் கிசேலா ஸ்டுவர்ட், ஜெர்மனியில் பிறந்த தொழிற்கட்சி உறுப்பினர். அரசியல் சட்டம் எழுதப்படும் விதத்தை அருகிலிருந்து பார்த்துப் பார்த்து ஒன்றியத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிற்று. 2016இல் விலகுவதற்கு வாக்குக் கேட்ட அதிகாரபூர்வ இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக அவரே நின்றார். கெர் சர்வாதிகாரியைத் தூரத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ஷரத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவர் அதே அறையில் இருந்தார்.

அந்த அரசியல் சட்டத்தை 2005இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் நிராகரித்தன. சட்டம் செத்தது, உள்ளே இருந்த பிரிவுகள் சாகவில்லை. அவற்றை எடுத்து லிஸ்பன் ஒப்பந்தத்தில் வைத்தார்கள். I-60 என்று இருந்த விலகல் பிரிவு 50 ஆயிற்று. 2007 டிசம்பர் 13இல் லிஸ்பனில் மற்றவர்கள் கையெழுத்திட்ட பிறகு பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் தாமதமாக வந்து தனியாகப் போட்டுவிட்டுப் போனார். 2009 டிசம்பர் 1இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

பிரிவு சின்னதுதான், ஐந்தே பத்திகள். ஒரு நாடு தன் அரசியல் சட்ட முறைப்படி விலக முடிவு செய்யலாம் என்பது முதல் பத்தி. அப்படி முடிவு செய்த நாடு ஒன்றியத் தலைவர்களின் அவைக்கு அறிவிக்க வேண்டும், அதன் பிறகு பேச்சுவார்த்தை என்பது இரண்டாவது. உடன்பாடு நடைமுறைக்கு வரும் நாளில், இல்லாவிட்டால் அறிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டில், உறவு முடிந்துவிடும், நீட்டிக்க வேண்டுமானால் எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது மூன்றாவது. விலகும் நாடு தன்னைப் பற்றிய விவாதத்தில் உட்காரக் கூடாது என்பது நான்காவது. திரும்ப வர நினைத்தால் புதிதாக விண்ணப்பிப்பவரைப் போல 49ஆவது பிரிவின்படி வா என்பது ஐந்தாவது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசைதான். முதலில் கடிதம், பிறகு பேச்சு. விலகலாமா என்ற கேள்விக்கு ஒருவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டுமென்றால், விலகினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று தெரிய வேண்டாமா? 50ஆவது பிரிவின்படி அது, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தெரியும். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்று வாக்களித்தார்கள். ஆறு நாள் கழித்து, மற்ற 27 நாட்டுத் தலைவர்கள் கூடி, கடிதம் வரும்வரை எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை என்று அறிவித்தார்கள். ஷரத்து அவர்கள் பக்கம் இருந்தது. கெரின் மனதில் எதிரே இருந்தது ஒரு கோபக்கார சர்வாதிகாரி அல்லவா? அவரோடு முன்கூட்டிப் பேச என்ன இருக்கிறது?

2017 மார்ச் 28 மாலை, லண்டனில் அமைச்சரவை அறையில் பிரதமர் தெரசா மே கடிதத்தில் கையெழுத்திட்டார். முதல் பிரதமர் ராபர்ட் வால்போலின் படத்துக்குக் கீழே அவர் தனியாக உட்கார்ந்து எழுதும் புகைப்படம் மறுநாள் உலகம் முழுக்க வந்தது. ஆறு பக்கக் கடிதம். 29ஆம் தேதி மதியம் பிரிட்டிஷ் தூதர் டிம் பாரோ அதைக் கைப்பெட்டியில் கொண்டுபோய் பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத் தலைவர்கள் அவையின் தலைவர் டொனால்ட் டஸ்க்கின் கையில் கொடுத்தார். இமெயிலில் அனுப்பியிருந்தாலும் பிரிவு தடுத்திருக்காது. எப்படி அறிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கடிதம் கைமாறியது, இரண்டு ஆண்டு ஓட ஆரம்பித்தது.

மே செய்த அடுத்த காரியம்தான் புரியாத புதிர். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தேர்தல் அறிவித்தார். 2017 ஜூனில் இருந்த பெரும்பான்மையும் போயிற்று. பிறகு வட அயர்லாந்து எல்லை வந்து நின்றது. 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பின் சோதனைச் சாவடிகள் மறைந்துபோன, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை அது. நாளை முதல் ஒரு பக்கம் ஒன்றியம், மறு பக்கம் வெளிநாடு. இப்படி ஓர் எல்லையை என்ன செய்வது என்பதற்கு 50ஆவது பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. மே கொண்டுவந்த விலகல் உடன்பாட்டை 2019 ஜனவரி 15இல் நாடாளுமன்றம் 432க்கு 202 என்று தூக்கி எறிந்தது. மார்ச்சில் மறுபடி இரண்டு முறை. மூன்றாவது தோல்வி மார்ச் 29, வெளியேற வேண்டிய அதே நாளில். கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

திரும்பப் பெற முடியுமா? ஷரத்து அதையும் சொல்லவில்லை. முடியும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் கெர். அப்போது பிரபுக்கள் சபை உறுப்பினர். ஸ்காட்லாந்து அரசியல்வாதிகள் சிலர் தொடுத்த வழக்கில் 2018 டிசம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் சொன்னதையே சொன்னது: வெளியேறும் நாள்வரை, யாருடைய அனுமதியும் இல்லாமல், அந்த நாடே கடிதத்தைத் திரும்பப் பெறலாம். எழுதியவர் சொன்னதால் அல்ல, விலகும் முடிவு அந்த நாட்டின் சொந்த முடிவு என்றால் மனம் மாறுவதும் அப்படியே என்ற தர்க்கத்தால். பிரிட்டன் திரும்பப் பெறவில்லை. மூன்று முறை கெடு நீட்டித்து, 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு வெளியே போயிற்று. ஷரத்தை உண்டாக்கியதில் குற்ற உணர்வு இல்லை, தன் நாடு அதைப் பயன்படுத்தியதில்தான் வருத்தம் என்பது கெரின் நிலைப்பாடு.

விலகியது சரியா தவறா என்ற சண்டை பிரிட்டனில் ஓயவில்லை. என் கட்சி இது: ஒரு நாடு ஒன்றியத்தை விட்டுப் போவதில் தவறே இல்லை. போகும் முடிவை ஒரு முறையும், கிடைத்த நிபந்தனையைப் பார்த்து இன்னொரு முறையும் தன் மக்களிடம் கேட்காமல் போவதுதான் தவறு. 50ஆவது பிரிவு அதைத் தடுக்கவில்லை. முதல் பத்தி அந்தந்த நாட்டு முறைப்படி என்றுதான் சொல்கிறது. பிரிட்டன் அப்படி ஒரு முறையை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி வைத்திருக்கலாம்.

ஒன்றியத்தில் இப்போது 27 நாடுகள். பிரிட்டனுக்குப் பிறகு வேறு எந்த நாடும் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஒன்றியத்தை விட்டுப் போவோம் என்று ஒரு காலத்தில் முழங்கிய பிரான்ஸின் மரீன் லெ பென் 2022 தேர்தலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இத்தனை நடந்தும் ஷரத்தில் ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை. திரும்பி வந்தால் என்ன என்று இப்போது பிரிட்டனில் பேசுகிறவர்கள் ஐந்தாவது பத்தியை மட்டும் ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது. 1984இல் அன்றைய பிரதமர் தாட்சர் வாதாடி வாங்கிய கட்டணத் தள்ளுபடியைப் பற்றியோ, யூரோ வேண்டாம் என்று பெற்ற விலக்கைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை.