சூடு முள்ளை எங்கே வைக்கிறது?

1912-ல அமெரிக்காவுல நீங்க ஒரு கார் ஓட்டறீங்கன்னு வச்சுக்குவோம். இன்ஜின் எவ்வளவு சூடா இருக்குன்னு சொல்ல டாஷ்போர்டுல ஒண்ணும் கிடையாது. ரேடியேட்டர் மூடியில ஆவி பறந்தா அதுதான் தகவல். சர்வர் படுத்த பிறகு கஸ்டமர் போன் பண்ணிச் சொல்ற மாதிரி!

அந்த வருஷம் ஹாரிசன் பாய்ஸ் என்கிற அமெரிக்க இன்ஜினியருக்கு ஒரு பேட்டன்ட் கிடைச்சது. ரேடியேட்டர் மூடி மேலேயே ஒரு தெர்மாமீட்டர். பேரு பாய்ஸ் மோட்டோமீட்டர். வட்டமான கண்ணாடி, நடுவுல ஏறி இறங்கும் சிவப்புத் திரவம். டிரைவர் சீட்டுல உட்கார்ந்தே பார்க்கலாம். பழைய படங்கள்ல கார் மூக்கு மேல லாலிபாப் மாதிரி ஒண்ணு நிக்குமே, பெரும்பாலும் அதுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பல்பு இருக்கிற இடம். அது தண்ணிக்குள்ள முங்கி இருக்காது. தண்ணி மட்டத்துக்கு மேல, காலி இடத்துல தொங்கும். தண்ணியோட சூட்டை அளக்கணும்னா தண்ணிக்குள்ளதானே வைக்கணும்? இப்படி யோசிங்க. எங்கேயோ லீக் ஆகி தண்ணி குறையுது. முங்கி இருந்த பல்பு இப்போ வெறும் காத்துல நிக்கும். காத்து தண்ணி அளவுக்குச் சூட்டைக் கடத்தாது, அதனால மீட்டர் இறங்கும். உள்ள இன்ஜின் வெந்துட்டு இருக்கும், வெளிய எல்லாம் நலம்னு காட்டும். மேல தொங்கற பல்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. தண்ணி கொதிச்சா ஆவி நேரா மேல வந்து பல்பைத் தொடும். மட்டம் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் சேதி வந்து சேரும்.

அந்தக் காலத்து இன்ஜினுக்கும் அந்த இடம் சரியா இருந்தது. 1908-ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி வித்த ஃபோர்டு மாடல் டி-ல, ஆரம்ப வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணி லேசாகி தானா மேல ஏறி ரேடியேட்டர் தலைக்கு வரும், ஆறினதும் கீழ இறங்கி இன்ஜினுக்குத் திரும்பும். ஆக, இன்ஜினை விட்டு வர்ற சூடான தண்ணியை ரேடியேட்டர் தலையிலயே பிடிச்சிடலாம்.

இந்தக் கணக்கை மாத்தினது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வழியை அடைச்சு வைக்கிற வால்வு அது. மூடின நிலையிலேயே மாட்டிக்கிச்சுன்னா? இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கும். அங்க வச்ச தெர்மாமீட்டர் பொய் சொல்லும். அதனால சென்சாரை இன்ஜின் பக்கமே, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி வைக்க வேண்டியதாச்சு. முள்ளும் டாஷ்போர்டுக்கு வந்திருச்சு. பல வண்டிகள்ல ஈதர் அடைச்ச பல்பு, அதுல இருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய், அந்த ஆவியோட அழுத்தத்துல நகர்ற முள். பேட்டரியே வேண்டாம். குழாய் ஒடிஞ்சா மட்டும் கதை முடிஞ்சது.

எந்த இடத்துல வச்சாலும் போதாத இன்ஜினும் இருந்தது. 1932-ல வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8. அதுல எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்குள்ளேயே தண்ணி ஜாக்கெட்டைத் தாண்டித்தான் வெளிய போகும். அதாவது புகையோட சூட்டையும் தண்ணிதான் சுமக்கணும். ரெண்டு பக்கம் ரெண்டு ஹெட், ரெண்டு வாட்டர் பம்ப். முதல்ல ஹெட்டுல இருந்து சுடுதண்ணியை இழுத்த பம்புகளை, 1937-ல கீழ பிளாக்குக்கு மாத்தினாங்க. இடது ஹெட்டுல இருக்கிற சென்சாருக்கு வலது பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியுமா? சரியாத் தெரியாது. அந்த இன்ஜினுக்கு ரெண்டு சென்சார் வைக்கிறதுதான் நியாயம்.

இப்போ நம்ம ஊர் விஷயம். என் நண்பர் ஒருத்தர் அவர் தாத்தாவோட அம்பாசடரைச் சரி பண்ணிட்டு இருக்கார். ரொம்ப வருஷம் அந்தக் காருல ஓடினது இங்கிலாந்து பி.எம்.சி.-யோட பி சீரிஸ் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அந்தக் குடும்பத்து ஹெட்டுல முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ சென்சாருக்கு இடம் உண்டு. என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா அங்க வர்றது நாலு சிலிண்டரையும் சுத்திக் கலந்து வர்ற தண்ணி. ரெண்டாவது, மூணாவது சிலிண்டருக்கு நடுவுல ஒரே எக்ஸாஸ்ட் வழிதான், அங்கதான் சூடு அதிகம். முள் காட்டறது சராசரி, உச்சம் இல்ல. மானிட்டரிங் பார்க்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்.

ஹெட்டைத் தொட வேண்டாம்னு மேல் ஹோஸை வெட்டி நடுவுல ஒரு அடாப்டர் போடறவங்க உண்டு. அது தெர்மோஸ்டாட்டைத் தாண்டின இடம், பழைய பிரச்சினையே திரும்ப வரும். இன்னொண்ணு, ஒத்தை வயர் சென்சாருக்கு அதோட உடம்புதான் எர்த். ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ்னா எர்த் எங்க கிடைக்கும்? அடாப்டர்ல இருந்து தனியா ஒரு வயர் இழுக்கணும். இல்லேன்னா முள் அசையாது.

1990-கள்ல ஃபோர்டு சில இன்ஜின்கள்ல தண்ணியை விட்டுட்டு ஹெட்டோட உலோகத்தையே அளக்க ஆரம்பிச்சது. தண்ணி மொத்தமும் போனாலும் அந்த சென்சார் உண்மையைச் சொல்லும். நண்பர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்: பழைய இடத்துல ஒண்ணு, ஹெட் உலோகத்துல இன்னொண்ணு. அதுவரைக்கும், கொல்லிமலை ஏத்தத்துல உச்சத்துல இருந்த முள் திடீர்னு கீழ விழுந்தா சந்தோஷப்படாதீங்க சார், வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க.