ஒரு பிடி பழைய மா



2020 ஊரடங்கு நாட்களில் எங்கள் ஊர்க் கடையில் ஈஸ்ட் பக்கற் முடிந்துவிட்டது. ஈஸ்ட் இல்லாமல் பாண் சுட முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். வேறு வழியின்றி ஆட்டா மாவையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் கலந்து வைத்தோம். தினமும் பாதியை எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்த்தோம். ஒரு கிழமைக்குள் அது நுரைத்துப் பொங்கத் தொடங்கியது.

உண்மையில், தொழிற்சாலை ஈஸ்டுக்கு வயது சுமார் 150 வருடங்கள்தான். பாணுக்கோ ஆயிரக்கணக்கான வருடங்கள்.

பண்டைய மிஸ்ர் மக்கள் புளித்த ரொட்டி சுட்டார்கள். மூஸா நபியின் சமூகத்தார் மிஸ்ரை விட்டு அவசரமாகப் புறப்பட்டபோது மா புளிக்க நேரம் இருக்கவில்லை என்பது யூதர்களின் வேத மரபு. அதன் நினைவாக இன்றும் அவர்கள் பஸ்கா நாட்களில் புளியாத ரொட்டியே உண்கிறார்கள். பழைய புளித்த மாவையும் வீட்டிலிருந்து அகற்றிவிடுகிறார்கள்.

ரோம அறிஞர் பிளினி தம் காலத்து வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். முதல் நாள் பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து, அதைக் கொண்டு அடுத்த நாள் மாவைப் புளிக்க வைப்பார்களாம். அவர் கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தார். அதே வெடிப்பில் புதையுண்ட பொம்பெய் நகரில், கருகிய ரொட்டிகள் உருக்குலையாமல் கிடைத்திருக்கின்றன.

ஆனால் மா ஏன் பொங்குகிறது என்பது நீண்ட காலம் எவருக்கும் தெரியாது. 1857 இல்தான் லூயி பாஸ்டர், புளிப்பது நுண்ணுயிர்களின் வேலை என்று விளக்கத் தொடங்கினார். 1868 இல் அமெரிக்காவில் பிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்டைக் கட்டியாக்கி விற்கத் தொடங்கினார்கள். பாண் விரைவாகத் தயாரானது. பழைய மாவைப் பாதுகாக்கும் வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது.

பழைய மாவில் இருப்பது ஈஸ்ட் மட்டுமல்ல. தயிரைப் புளிக்க வைக்கும் பக்டீரியாக்களின் உறவினரும் அதில் உண்டு. புளிப்புச் சுவை அவற்றால் வருவது. 1971 இல் சான் பிரான்சிஸ்கோ பாண் மாவில் அப்படியொரு பக்டீரியாவைக் கண்டறிந்து, அந்த நகரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பிறகு பார்த்தால் அது பல நாடுகளின் புளித்த மாவிலும் இருந்தது.

'பாண்' என்ற சொல்லே நமக்குப் போர்த்துக்கேயர் தந்தது. ஆனால் புளிக்க வைப்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இந்நாட்டில் அப்ப மாவைக் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பது பழைய வழக்கம். கள்ளு நமக்கு ஹராம். எங்கள் மூத்தம்மா முதல் நாள் மாவில் ஓர் அகப்பை மிச்சம் வைத்து, அதைப் புது மாவில் கலப்பார். பிளினி எழுதிய அதே முறை. மூத்தம்மா பிளினியைக் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் படித்தோம், பக்கற் வாங்கினோம். எவ்வளவு மிச்சம் வைப்பது, மழை நாளில் என்ன செய்வது என்று அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. போத்தலில் மாவைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

உங்கள் வீட்டில் மூத்தம்மா இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் இங்கேயும் பகிருங்கள்.