அறுபதில் ஒரு பங்கு: சண்டை ஆட்டங்களின் சட்டகக் கணக்குக்கு ஒரு சிறு வரலாறு

பெஹாலாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து ஜேம்ஸ் லாங் சரணிக்குப் போகும் சந்தில் ஒரு சிறிய கேம் பார்லர் உள்ளது. இரண்டு தொலைக்காட்சிகள், இரண்டு பிளேஸ்டேஷன்கள், மணிக்கணக்கில் வாடகை. மாலையில் பள்ளிச் சீருடையோடு வரும் சிறுவர்களில் பெரும்பாலோர் கால்பந்து ஆடுவார்கள், சிலர் டெக்கன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவன் தன் நண்பனுக்கு வங்காளத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன். இந்த உதையைத் தடுத்த உடனே குத்தலாம், எதிரியால் ஒன்றும் செய்ய முடியாது; அந்த உதையைத் தடுத்த பிறகு குத்தினால் அடி நமக்குத்தான் விழும். ஏன் அப்படி என்றேன். "அப்படித்தான், தீதி" என்றான்.

மொழியியல் களப்பணிக்குப் போனவர்களுக்கு இந்தப் பதில் புதிதன்று. தாய்மொழியாளரிடம் 'இந்த வாக்கியம் ஏன் தவறு?' என்று கேட்டால் கிடைப்பதும் இதுவே. விதி அவரிடம் இருக்கிறது. விதியின் விவரணை இல்லை. அச்சிறுவன் சொன்ன விதிக்கோ எண்ணாலான ஒரு விவரணை உண்டு. அதன் பெயர் ஃபிரேம் டேட்டா. தமிழில் சட்டகத் தரவு எனலாம். இது எப்படித் தோன்றியது, யார் எழுதினார்கள் என்பதே இப்பதிவின் பொருள்.

சண்டை ஆட்டங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 60 சட்டகங்களாக இயங்குகின்றன. ஒரு சட்டகத்தின் நீளம் சுமார் 16.7 மில்லிவினாடி. அவ்வுலகில் அதனினும் சிறிய காலம் கிடையாது. ஒவ்வோர் அடிக்கும் மூன்று பகுதிகள் உள்ளன: பொத்தானை அழுத்தியதிலிருந்து அடி விழக்கூடிய நிலை வரும்வரை தொடக்கம், அடி உயிர்ப்போடு நிற்கும் செயற்காலம், நீட்டிய கை திரும்பும் மீட்சி. அடியைத் தடுத்தவரும் சில சட்டகங்கள் உறைந்து நிற்பார். இருவரில் யார் முன்னதாக விடுபடுகிறார், எத்தனை சட்டகம் முன்னதாக என்பதையே ஆட்டக்காரர்கள் பிளஸ், மைனஸ் என்று குறிக்கின்றனர்.

ஓர் உதையைக் கற்பனை செய்துகொள்வோம். செயற்காலம் 3, மீட்சி 20. செயற்காலத்தின் முதற் சட்டகத்திலேயே அது தடுக்கப்பட்டால், உதைத்தவருக்கு இன்னும் 2 + 20 = 22 சட்டகங்கள் மிச்சம். தடுத்தவரின் உறைவு 12 எனில், அவர் 10 சட்டகம் முன்னதாக விடுபடுகிறார். ஆகவே அந்த உதை 'மைனஸ் 10'. டெக்கனில் பெரும்பாலான பாத்திரங்களின் மிக விரைவான குத்து பத்தாவது சட்டகத்தில் விழும். இந்த உதைக்கு அக்குத்தே தண்டனை. மீட்சியில் ஒரே ஒரு சட்டகத்தைக் குறைத்து மைனஸ் 9 ஆக்கிவிட்டால் அதே உதை பாதுகாப்பானது. சிறுவன் பிரித்துக் காட்டிய இரண்டு உதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இத்தகையது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்ணால் ஒன்றைக் கண்டு விரலால் எதிர்வினை ஆற்ற மனிதருக்கு, மிக எளிய சோதனையிலும், 200 முதல் 250 மில்லிவினாடி ஆகிறது. அது 12 முதல் 15 சட்டகம். பத்துச் சட்டகக் குத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பது யாராலும் இயலாது. தடுக்கிறவர் முன்பே அறிந்திருக்கிறார். சண்டை ஆட்டம் அனிச்சை வேகத்தின் விளையாட்டு என்ற பொதுக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த எவோ போட்டியில் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங்கின் பதினைந்து உதைகளை அடுத்தடுத்துத் தட்டிவிட்ட காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். முதல் உதையை அவர் கண்டு தட்டவில்லை, எதிர்பார்த்துத் தட்டினார்.

சிறு காலத்தை அளக்கும் சிக்கல் தமிழ் இலக்கண மரபுக்குப் பழையது. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டார். அளவுகோல் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆனால் அதே மரபு மெய்க்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரையும் வகுத்தது. கால் இமைப்பு இமைக்கக்கூடியவர் எவருமில்லை. அந்த இடத்தில் அலகு உடலை விட்டு விலகி, ஒன்றுக்கொன்று உள்ள உறவைக் குறிப்பதாகிவிடுகிறது. சட்டகக் கணக்கிலும் தனி எண்ணால் பெரும் பயனில்லை. பயன் தருவது வேறுபாடே. 1964-இல் லிஸ்கரும் ஆப்ரம்சனும் வெடிப்பொலிகளின் குரலொலித் தொடக்க நேரத்தை 11 மொழிகளில் அளந்தபோது (தமிழும் அவற்றுள் ஒன்று) செய்ததும் இதைப் போன்றதே. ஆங்கிலத்தில் குரலுள்ள, குரலற்ற இதழொலிகளுக்கு இடையிலான எல்லை ஏறத்தாழ 25 மில்லிவினாடி, அதாவது இரண்டு சட்டகத்துக்கும் குறைவு. மூன்று வயதுக் குழந்தையும் பேச்சில் தவறாது காக்கும் வேறுபாடு அது. அதை எண்ணாக எழுத ஓர் ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது.

விளையாட்டில் அந்த ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது? 1991-இல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தை வெளியிட்டபோது விளக்கக் குறிப்பில் சட்டக எண் ஏதும் இல்லை. இன்று இவ்வகையின் இலக்கணமாகவே கருதப்படும் காம்போ எனும் தொடரடிகூடத் திட்டமிட்டு வைக்கப்பட்டதன்று. காரை உடைக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிடகா ஃபுனமிசு, ஓரடியின் மீட்சி முடிவதற்குள் அடுத்த அடி நுழைவதைக் கண்டார். நேரம் பிடிப்பது கடினம், எவரும் பெரிதாகப் பயன்படுத்தமாட்டார்கள் என்று எண்ணி நீக்காமல் விட்டார். ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். எழுதியவருக்கே முழுதாகத் தெரியாத விதி பேசுவோரால் விரிந்தது என்பதில், மொழியை ஆராய்பவர்க்கு வியப்பு ஒன்றுமில்லை.

விவரணை முதலில் அச்சேறியது ஜப்பானில். 1986 முதல் 1999 வரை வெளிவந்த கேமெஸ்ட், அதற்குப் பின்வந்த ஆர்க்கேடியா ஆகிய இதழ்களும் அவற்றின் சிறப்பு நூல்களும் அடிகளை அட்டவணையாக்கின. ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவை மொழியாலும் விலையாலும் எட்டாதவை. அட்டவணைகளுக்குள்ளும் ஒரு பூசல் உண்டு: தொடக்கம் 5 என்றால் அடி ஐந்தாவது சட்டகத்தில் விழுகிறதா, ஐந்து கடந்து ஆறாவதிலா? இரு வழக்கும் நிலவின. இன்றும் பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடும் மாணவர் ஒரு சட்டகம் பிசகுவார். பதிப்பாசிரியர்களுக்கு இவ்வகைப் பிசகின் அருமை தெரியும்.

இந்தியாவில் சட்டகமே வேறாக இருந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நாம் ஏற்றது பால் முறை, 50 ஹெர்ட்ஸ். ஜப்பானும் அமெரிக்காவும் 60. 1990-களின் நடுவில் சேகா கருவிகளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது, கல்கத்தாவில் தலைமையகம் கொண்டிருந்த ஷா வாலஸ் நிறுவனம். மதுவுக்குப் பேர்போன நிறுவனம் என்பதால் இச்செய்தியைக் கேட்பவர்கள் என்னை ஒருமுறை ஐயத்தோடு பார்ப்பார்கள். 50 ஹெர்ட்ஸுக்கு உரிய முறையில் திருத்தப்படாமல் வந்த அக்காலக் கன்சோல் ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின; சட்டக எண்ணிக்கை மாறவில்லை, ஒவ்வொரு சட்டகமும் 20 மில்லிவினாடியாக நீண்டது. அந்தத் திரைகளில் பழகிய கையின் நாழிகை ஆர்க்கேட் எந்திரத்தின் நாழிகையன்று.

வாயில் திறந்தது எமுலேட்டரால். 1997-இல் மேம் வெளியாயிற்று. 2001-இல் காப்காமின் சிபிஎஸ்-2 பலகையின் குறியாக்கம் உடைக்கப்பட்டது. ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, நினைவகத்தில் உள்ள எண்ணையே படிக்க முடிந்தது. அது சட்டப்படி ஐயத்துக்குரிய வழி என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆர்வலர்கள் ஊதியமின்றித் தொகுத்து இணையத்தில் இட்ட பட்டியல்களால்தான் இவ்வறிவு பொதுவாயிற்று.

அதன் விளைவு 2019-இல் தெரிந்தது. லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் அவ்வாண்டு பிப்ரவரியில் எவோ ஜப்பானையும் ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோவையும் டெக்கன் 7-இல் வென்றார். கொரியாவின் நீ எனும் முன்னணி ஆட்டக்காரர் லாகூருக்கே சென்று பயின்றார். இதைக் கல்லாத மேதைமை என்று எழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை. பட்டியல்கள் அதற்குள் எவரும் படிக்கக்கூடிய நிலையில் இருந்தன. லாகூரில் கூடுதலாக இருந்தது, நாள்தோறும் நேருக்கு நேர் ஆடிய திறமைசாலிகளின் கூட்டம்.

நான் நாளும் நடக்கும் சாலையின் பெயருக்கு உரிய பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1855-இல் ஏறத்தாழ 1,400 வங்காள நூல்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் விளக்கப் பட்டியல் தயாரித்தவர், பழமொழிகளையும் திரட்டினார். நீல் தர்ப்பண் நாடகத்தின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டதற்காக 1861-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். அவர் பெயர் தாங்கிய நீண்ட சாலை நமக்குக் கிடைத்தது. அவர் பட்டியலில் ஏற்றிய மலிவு வெளியீடுகளை அச்சிட்டோர் பலரின் பெயர் எவர் நாவிலும் இல்லை. சட்டகப் பட்டியலில் தொகுத்தோருக்கும் அந்த இடம் வாய்க்கவில்லை. பலர் புனைபெயரில் எழுதினார்கள். அவர்கள் எழுதிய தளங்களில் சில மூடப்பட்டன. பின்னர் டெக்கன் 7-இன் மூன்றாம் பருவத்தில் நிறுவனம் சட்டகக் கணக்கைத் திரையில் காட்டும் வசதியைத் தனி விலைக்கு விற்றது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தது விலைக்காக மட்டும் என்று நான் கருதவில்லை. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பயிற்சித் திரையிலேயே சட்டக அளவியை வைத்தது. அதற்குத் தனிக் கட்டணமில்லை. பயிற்சித் திரையைத் திறக்கும் புதியவருக்கு, இந்த எண்களை ஒரு காலத்தில் ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார்கள் என்பதற்கு அங்கே தடயம் ஏதுமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் பிரிவாக இருந்தது. இந்தியாவுக்காக அயன் பிஸ்வாஸும் மயங்க் பிரஜாபதியும் ஆடினார்கள்; பதக்கம் வரவில்லை. தங்கம் வென்ற கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அனிச்சை வேகம் பற்றி மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

சென்ற வாரம் பார்லரில் ஒரு தொலைக்காட்சியை மாற்றியிருந்தார்கள். புதிய திரை பெரிதாக இருந்தது. ஆனால் பட மெருகூட்டல் முறையிலேயே விட்டிருந்ததால், பொத்தானுக்கும் படத்துக்கும் இடையே சிறு தாமதம். மூன்று சட்டகம் தாமதித்தாலே 50 மில்லிவினாடி போய்விடும். அச்சிறுவன் இரண்டு சுற்று ஆடிவிட்டு, குத்து தாமதமாக வருகிறது, பழைய டிவியில் வை என்று கடைக்காரரிடம் சண்டையிட்டான். எனக்கு அத்தாமதம் தெரியவில்லை. தொலைக்காட்சியின் அமைப்பில் கேம் முறை என்று ஒன்று இருப்பதைக் கடைக்காரருக்குக் காட்டினேன். மாற்றிய பின் சிறுவன் ஒரு குத்துக் குத்திப் பார்த்தான். தலையசைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான்.