ஆலை இரைச்சலும் தராசு இரைச்சலும்

ராஜபாளையம் என்றால் நூற்பாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்தடுத்த இந்த இரண்டு ஊர்களிலும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. அதற்கு ஏடிசி என்று பெயர். ஆலையில் பஞ்சுத் திரியை இழுத்துச் சீராக்கும் டிரா பிரேம் எந்திரத்தில் ஸ்லைவரின் (முறுக்கேறாத அந்தத் திரியின்) தடிமனையும், கடைத் தராசில் கோவாவின் எடையையும் அதுதான் சொல்கிறது. எண் தடுமாறினால் இரண்டு இடத்திலும் முதலில் சென்சாரைக் கழற்றி மாற்றுகிறார்கள். பல நேரம் அதன்மேல் குற்றமே இருக்காது.

டிரா பிரேமில் ஸ்லைவரின் தடிமனைச் சீராக வைக்கும் ஆட்டோலெவலரில் 0 முதல் 10 வோல்ட் வரை சிக்னல் வருவதாகக் கொள்வோம். 12 பிட் ஏடிசிக்கு ஒரு படி ஏறத்தாழ 2.4 மில்லிவோல்ட். தராசுக் கணக்கு வேறு. எடையை மின்னழுத்தமாக மாற்றும் 10 கிலோ லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், வழக்கமான வகையில் முழு எடைக்கும் கிடைப்பது 10 மில்லிவோல்ட்தான். ஒரு கிராம் என்பது ஒரு மைக்ரோவோல்ட். ஆலையில் ஒரே படியாக அடங்கிவிடும் 2.4 மில்லிவோல்ட், தராசுக்குள் நுழைந்தால் 2.4 கிலோ! ஆகவே தராசுதான் பயந்த சாதி என்று தோன்றும். எனக்கு ஆலையின் பிழைதான் அதிகக் கவலை தருகிறது. தராசில் எண் ஆடினால் வாங்க வந்தவரே பார்த்துவிடுவார். ஆட்டோலெவலரோ தப்பாகப் படித்ததை நம்பி உடனே டிராஃப்டை (இழுக்கும் அளவை) மாற்றுகிறது. நன்றாக இருந்த ஸ்லைவர் மெலிந்தோ தடித்தோ போகும். நூலாகிச் சோதனைக்கு வரும்வரை அது தெரியாமலும் போகலாம்.

எண்ணைத் தடுமாற வைப்பது மின் இரைச்சல். ஆலையில் அதன் முதல் ஊற்று மோட்டாரை ஓட்டும் டிரைவ். நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது அது. ஒவ்வொரு வெட்டின்போதும் மோட்டார் கேபிளிலிருந்து எர்த்துக்குள் ஒரு துடிப்பு பாய்கிறது. சென்சாரின் எர்த்தும் அதே பாதையில் இருந்தால் அந்தத் துடிப்பு அளவோடு கலந்துவிடும். சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று நிரலைத் திருத்துவார்கள். நான்கு அளவுகளின் சராசரி, தற்செயலான இரைச்சலைப் பாதியாக்கும் என்பது உண்மை. டிரைவ் துடிப்பு தற்செயலானதல்ல. ஆம்ப்ளிஃபையரின் வாசலில் அது நேர்மின்னாக மாறி அளவையே ஒரு பக்கம் தள்ளிவிட்டால், எத்தனை சராசரி எடுத்தாலும் தள்ளல் அப்படியே நிற்கும். இதற்கு மருந்து ஒயரில் இருக்கிறது. மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு இரு முனையிலும் எர்த் செய்ய வேண்டும். சென்சார் ஒயரை முறுக்கிய இணையாக்கி, மோட்டார் கேபிளுக்குத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். தூரம் அதிகமானால் மின்னழுத்தத்தை விட்டு 4–20 மில்லிஆம்பியர் முறைக்கு மாறிவிடுவது நல்லது. காற்று வறண்ட நாளில் எப்போதோ ஒரு முறை மட்டும் எண் குதித்தால், பஞ்சில் சேரும் நிலைமின்னையும் சந்தேகிக்கலாம்.

பால்கோவா ஊரில் கதை நேரத்தைப் பற்றியது. கடைக்குள் சூழ்ந்திருக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான் அங்கே முதல் எதிரி. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. சரியாக அந்தக் காலத்துக்கோ அதன் மடங்குக்கோ கூட்டிச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மலிவான தராசுகளில் அதிகம் காணும் எச்எக்ஸ்711 சில்லு, நொடிக்கு 10 அளவு என்ற வேகத்தில் இதைத் தானே செய்கிறது. சீக்கிரம் எடை காட்டட்டும் என்று 80-க்கு மாற்றிவைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பால் குளிரூட்டும் தொட்டியின் வெப்பமானியில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. வடிகட்டி இல்லாத சாதாரண ஏடிசி நொடிக்குப் பத்து முறை மட்டும் எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் துல்லியமாக 50 ஹெர்ட்ஸில் ஓடினால், ஒவ்வொரு முறையும் அலையின் ஒரே இடம்தான் கண்ணில் படும். இரைச்சல் அசையாத பிழையாக உறைந்துவிடும். அலைவெண் 49.95 ஆனால் அதே பிழை 20 நொடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும். பார்ப்பவர் பாலின் வெப்பநிலைதான் மாறுகிறது என்று நம்புவார். எண்ணாக மாறிய பின் இதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஏடிசிக்கு முன்னாலேயே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத் தடுக்க வேண்டும்.

சோதிக்கும் முறையில் இரண்டு ஊரும் ஓரளவு ஒத்துப்போகின்றன. லோடு செல்லுக்குப் பதில் அதே ஓம் அளவுள்ள ரெசிஸ்டர்களை போர்டுக்கு அருகிலேயே பிரிட்ஜாக இணையுங்கள். அப்போதும் எண் ஆடினால் குற்றம் போர்டிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. அடுத்து அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எண்ணின் ஆட்டம் நின்றுவிட்டால் திருடன் அடாப்டர் வழியாகத்தான் வந்திருக்கிறான். ஆலையில் ஓடும் லைனைப் பிடுங்க முடியாது. ஷிஃப்ட் நிற்கும் வேளையில் டிரைவ்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும்.

கோவா கிண்டும் வேலைக்கு மோட்டார் வைத்து, வேகத்தைக் குறைக்கக் கூட்ட ஒரு சின்ன டிரைவும் மாட்டினால், ராஜபாளையத்துக் கோளாறு பால்கோவாக் கடைக்கும் வந்து சேரும். அப்போது தராசைச் சர்வீஸுக்கு அனுப்பும் முன், கிண்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு எடையைப் பாருங்கள்.