குழந்தை எடை குறைவாகப் பிறப்பது ஏன்? கர்ப்பிணிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்தால் எடை குறைவான குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் குழந்தைகளுக்குத் தொற்றும், உடல் சூடு குறையும் ஆபத்தும் அதிகம்.

காரணம் என்ன?
குறைமாதப் பிரசவம் அல்லது கருவில் வளர்ச்சி குறைவது. தாயின் ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், சத்துக்குறைவு, சின்ன வயசுக் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவம், புகையிலை எல்லாமே இதற்கு வழிவகுக்கும்.

வேலைக்குப் போறவங்க?
திண்டுக்கல் மாவட்டம் எரியோடு, வேடசந்தூர் பகுதியில் நூற்பாலை வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். ஷிப்ட் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுடாதீங்க. முட்டை, பயறு, கீரை, முருங்கைக்கீரை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

மாத்திரை எப்படிப் போடணும்?
ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் சத்து சரியா சேராது. மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம்.

எப்போது பதிவு செய்யணும்?
கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு நிதியுதவியும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு.

கடும் தலைவலி, முக வீக்கம், குழந்தை அசைவு குறைவு இருந்தால் காத்திருக்காதீங்க, உடனே 108-ஐ அழையுங்கள்.