கார்பரேட்டர் மேல போட்ட பழி

உத்திரமேரூர்ல எங்க தாத்தா வெச்சிருந்தது 1996 மாடல் மாருதி 800, சென்னையில வாங்கினது. ஐடிலிங்ல உதறும், மேட்டுல இழுவையே இருக்காது. கார்பரேட்டரை மூணு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. கடைசியில சைலன்சர் பைப்பை முன்னாடி ஜாயின்ட்ல கழட்டி ஸ்டார்ட் பண்ணோம். உதறல் நின்னுடுச்சு. அடைப்பு கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல.

இதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அதன்மேல் பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு. புகையில் இருக்கும் நச்சைக் குறைப்பது அந்தப் பூச்சுதான். ஈயம் படிந்தால் பூச்சு செயலிழக்கும். படிவு சேரச் சேர துளைகளும் அடைபடும். அதனால ஈயமில்லாத பெட்ரோல்தான் போடணும். ஆனா அது முதலில் வந்தது பெருநகரங்களுக்கு. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில்தான்.

அந்த அஞ்சு வருஷ இடைவெளியிலதான் நம்ம வண்டி ஓடியிருக்கு. தாத்தா வண்டியைச் சரியா பார்த்துக்கலைன்னு வீட்ல எல்லாரும் சொல்லுவோம். அவர் போட்டது, பக்கத்துப் பங்க்ல என்ன கிடைச்சதோ அந்தப் பெட்ரோல்.